பெட்டியடித் தாளும் பேரேட்டுப் பெயரும்

(கூத்தாநல்லூரில் நிகழ்ந்த தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

குடிவழி வரலாறு என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். ஆண்டுதோறும் பள்ளி திறந்த முதற் கிழமையில், 'உன் பாட்டனைப் பெற்ற தாயின் பெயர் யாது?' என்று மாணவரை நான் கேட்பதுண்டு. வகுப்பே வாய்மூடி நிற்கும். அரசர்க்கு மெய்க்கீர்த்தி உண்டு. கோயிலுக்குக் கல்வெட்டு உண்டு. மடத்திற்கு வழிமுறைப் பட்டியல் உண்டு. வயலில் நாற்று நட்டவளுக்கும் கப்பலேறிக் கடைச்சிற்றாளாய்ப் போனவனுக்கும் என்ன உண்டு? உண்டு என்பதே இன்று யான் சொல்ல வந்தது. அவர்கள் பெயர் இருக்குமிடம் நாம் தேடாத இடம். அதனினும் முதன்மையான ஒன்று உண்டு. கைக்குக் கிட்டிய சான்றை நாமே, நல்லெண்ணத்தோடே, அழித்துவிடுகிறோம். அவ்வாறு அழித்தவருள் யானும் ஒருவன்.

தொடங்குமுன் ஒரு பொறுத்தல் வேண்டுகிறேன். இவ்வுரையில் பிறமொழிப் பெயர்களும் சொற்களும் சில வரும். அவற்றை ஆவணத்தில் உள்ளவாறே சொல்வேன். தனித்தமிழ் மேடையில் இஃதென்ன புதுமை என்று முகஞ்சுளிப்பவர், உரை முடியும்வரை பொறுத்திருப்பாராக.

என் பாட்டனாருக்குத் தமையனார் ஒருவர் இருந்தார். அவரைப்பற்றி எங்கள் வீட்டில் வழங்கிய செய்தி ஒரே வரிதான்: 'மணமாகாத இளைஞர், மலாயாவுக்குக் கப்பலேறினார், போகும் வழியிலேயே கடலில் மாண்டார்.' அந்நாளில் நம் பக்கத்தார் நாகப்பட்டினத்தில் கப்பலேறுவர். 1926-இல் கட்டப்பெற்ற ரஜூலா என்னும் கப்பல் சென்னையினின்று நாகை வழியே பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிற்று. அதன்பின் வந்த 'சிதம்பரம்' 1985 பிப்பிரவரியில் நடுக்கடலில் தீப்பற்றியதோடு அவ்வழியே நின்றுபோயிற்று. உங்கள் ஊர்ப் பெரியவர் பலர்க்கு இவை கதையல்ல, பட்டறிவு.

கடலில் மாண்டார் என்றால் அவருடைய தகரப்பெட்டி எங்கள் வீட்டுப் பரணுக்கு எப்படி வந்தது? இவ்வினாவை எங்கள் வீட்டில் எவரும் கேட்டதில்லை. கல்லூரியில் பயின்றபோது யான்தான் அப்பெட்டியை இறக்கினேன். மூடியின் உட்புறத்திலும் அடியிலும் பழைய தமிழ்ச் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. அதன்மேல், அஞ்சலில் செய்தித்தாளைச் சுற்றிவரும் தாளுறை ஒன்றும் ஒட்டியிருந்தது. அவ்வுறையில் பெரிய பாட்டனாரின் பெயர், அவர் வேலைபார்த்த கடையின் பெயர், தெரு, ஊர் ஆகிய நான்கும் கையெழுத்தில் இருந்தன.

அப்போது எனக்கு இருபது அகவை. தனித்தமிழ்ப் பற்று தலைக்கேறிய பருவம். அந்நான்கையும் குறிப்புச் சுவடியில் எழுதிக்கொண்டேன். எப்படி? பாட்டனாரின் பெயர் வடசொல், அதைத் தமிழாக்கினேன். கடையின் பெயரில் அயற்சொல் இருந்தது. 'ஒளிவிளக்கு வணிக நிலையம்' என்று மாற்றினேன். தெருப்பெயர் ஆங்கிலம்; 'சந்தைத் தெரு' என்றாக்கினேன். ஊர்ப்பெயரை விட்டு 'மலையகம்' என்று பொதுவாய் எழுதினேன். அதன்பின் பெட்டியை வெந்நீர் ஊற்றிச் சுரண்டித் துடைத்துப் பச்சை வண்ணம் பூசி, என் தமிழ் நூல்களை அடுக்கி வைத்தேன். அன்று எனக்கிருந்த பெருமிதத்தை இன்று எண்ணினால் நாணுகிறேன்.

இருபது ஆண்டு கழிந்தது. சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் பழைய செய்தித்தாள்களை இணையத்தில் ஏற்றத் தொடங்கியது. தேடலாம் என்று அமர்ந்தேன். எதைத் தேடுவது? 'ஒளி' என்று யான் எழுதியதன் மூலச்சொல் நூரா? சிராஜா? ஜோதியா? தீபமா? சந்தைத் தெரு என்பது மார்க்கெட் தெருவாயின், அப்பெயர்த் தெரு சிங்கப்பூரிலும் உண்டு, பினாங்கிலும் உண்டு, கோலாலம்பூரிலும் உண்டு. மொழிபெயர்ப்பு ஒருவழிப் பாதை. ஒளியினின்று மீண்டும் நூருக்குப் போக எந்த அகரமுதலியும் வழிகாட்டாது. நூறாண்டு கரையான் தின்னாது விட்டதை யான் ஒரே மாலையில் தின்றுவிட்டேன்.

தமிழன்பர்களே! பெயர் மாற்றம் நம் இயக்கத்தின் பெருமை. அதனை யான் குறைத்துப் பேசேன். என் மக்கள் மூவர்க்கும் தூய தமிழ்ப்பெயரே. நாகையில் 1876-இல் பிறந்த வேதாசலனார் 1916-இல் மறைமலையடிகள் ஆனார். 'ஞானசாகரம்' 'அறிவுக்கடல்' ஆயிற்று. அவர்தம் மக்களுள் திருஞானசம்பந்தம் அறிவுத்தொடர்பு ஆனார். மாணிக்கவாசகம் மணிமொழி ஆனார். சுந்தரமூர்த்தி அழகுரு ஆனார். திரிபுரசுந்தரி முந்நகரழகி ஆனார். பழம்பெயரும் புதுப்பெயரும் இணைத்து எழுதப்பட்டிருப்பதால் நமக்குக் குழப்பமில்லை. அவ்விணைப்பு இல்லையாயின், ஒருவரையே இருவராகக் கொண்டு ஏமாந்திருப்போம். இன்னொன்றும் கேளுங்கள். அடிகளார் நெடுங்காலம் எழுதிவந்த நாட்குறிப்பு ஆங்கிலத்தில் அமைந்தது. 'தனித்தமிழ்த் தந்தை ஆங்கிலத்தில் எழுதுவதா' என்று சினந்து எவரேனும் அதைக் கிழித்திருந்தால் யாருக்கு இழப்பு?

புதுச்சேரி ஆனந்தரங்கர் 1736 முதல் எழுதிய நாட்குறிப்பைப் பாருங்கள். பாரசீகமும் போர்த்துக்கீசும் பிரெஞ்சும் கலந்த நடை. 1846-இல் அது வெளிப்பட்டபோது அதைத் 'திருத்தி' எழுதியிருந்தால், அந்நாட் புதுச்சேரியில் மக்கள் எப்படிப் பேசினர் என்பதே மறைந்திருக்கும். தஞ்சை மராட்டியர் அரண்மனைக் கணக்குகள் மோடி எழுத்தில் மராத்தி மொழியில் உள்ளன. அவற்றுள்ளும் நம் ஊர்க்காரர் பெயர்கள் இருக்கின்றன. தமிழ்ப் பல்கலைக்கழகம் 1989-இல் அவற்றின் தமிழாக்கத்தை வெளியிட்ட பின்னரே அவை நமக்குக் கண்ணிற்பட்டன. ஆவணம் எம்மொழியில் எவ்வழுவோடு இருந்தாலும் அதனை எழுத்துக்கு எழுத்துப் படியெடுக்க வேண்டும். நம் தமிழாக்கத்தைப் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம். பிள்ளைக்குத் தமிழ்ப்பெயர் சூட்டுவோர் அரசிதழில் பெயர்மாற்ற அறிவிப்பு வந்த பக்கத்தையும் பேணி வைப்பாராக. நூறாண்டு கழித்துப் பேரன் ஒருவன் தேடுவான்.

இனி, செய்தித்தாளில் எதைப் பார்ப்பது? தலையங்கத்தையன்று. நாம் படியாமல் தள்ளும் மூலைகளே குடிவழி தேடுவார்க்குக் கருவூலம். கூட்டு வணிகம் முறிந்த அறிவிப்பு, 'இன்னாருக்குக் கொடுத்த அதிகாரத்தை நீக்கிவிட்டோம்' என்னும் அறிவிப்பு, ஏல விளம்பரம், இறந்தவர் சொத்துக்கு உரியோர் வருக என்னும் வழக்குமன்ற அழைப்பு, அஞ்சலகத்தில் வாங்குவாரற்றுக் கிடந்த மடல்களின் பட்டியல், கப்பல் வரவு, நன்கொடைப் பட்டியல் இவையெல்லாம் பார்க்கத்தக்கன. நன்கொடைப் பட்டியலை எளிதாக எண்ணாதீர்கள். 1925-இல் ஈரோட்டில் தோன்றிய 'குடி அரசு' முதலிய இயக்க ஏடுகளில் ஊரும் பேரும் கொடுத்த தொகையும் வரிசையாய் அச்சாயின. தன்மதிப்புத் திருமணச் செய்திகளில் மணமக்கள் பெயரோடு தலைமை தாங்கினவர் பெயரும் இருக்கும். வேறெங்கும் அச்சேறாத எளிய மனிதர் அங்கே இருக்கிறார்.

கடல்கடந்த ஏடுகள் உங்கள் ஊருக்கு மிக நெருங்கியன. சிங்கப்பூரில் 1887-இல் மகுதூம் சாகிபு 'சிங்கை நேசன்' நடத்தினார், மூன்றாண்டு நடந்தது. நம் திருவாரூரில் 1903-இல் பிறந்து 1924-இல் சிங்கப்பூர் சென்ற கோ. சாரங்கபாணியார் 1935 சூலையில் 'தமிழ் முரசு' தொடங்கினார். அஃது இன்றும் வெளிவருகிறது. 1924-இல் கோலாலம்பூரில் தோன்றிய 'தமிழ் நேசன்' 2019-இல் நின்றுவிட்டது. இந்தப் பக்கம், நாச்சியார்கோயில் வட்டாரத்துப் பா. தாவூத் ஷா நடத்திய 'தாருல் இஸ்லாம்' உண்டு. இலக்கண வழுவற்ற தமிழுக்கு அவ்விதழ் பேர்பெற்றது. உங்கள் வீட்டு அடுக்குப்பானைக்கு அடியிலோ அலமாரித் தட்டிலோ விரித்த தாள் இவற்றுள் ஒன்றாக இருக்கலாம். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதும் போகியன்று தீமூட்டும்போதும் ஒருமுறை குனிந்து பாருங்கள்.

இணையத்தில் தேடும் இளைஞர்க்கு இரண்டு எச்சரிக்கை. பழைய தமிழ் எழுத்தை எந்திரம் சரிவரப் படிப்பதில்லை. 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்யுமுன் ணை, லை, ளை, னை முதலியன யானைத் துதிக்கைபோல் கொம்பு வளைந்து அச்சாயின. றா, ணா, னா ஆகியனவும் வேறு வடிவின. அவ்வடிவங்களைப் பெரியவர் ஒருவரிடம் ஒருநாள் அமர்ந்து கற்றுக்கொண்டு, பக்கம் பக்கமாய்க் கண்ணால் படியுங்கள். ஆங்கிலத் தாளில் தேடுவோர் ஊர்ப்பெயரை ஒரே முறையில் எழுதித் தேடாதீர்கள். கூத்தாநல்லூரை வெள்ளைக்கார எழுத்தர் ஒருவர் எழுதியவாறு மற்றவர் எழுதார். நெடிலைக் குறிலாக்குவார், ஒற்றைத் தள்ளுவார், பூந்தோட்டத்தருகே உள்ள கூத்தனூரோடு குழப்புவார். ஆள்பெயரோ அதனினும் பெருந்தொல்லை. தந்தை பெயரை மகனுக்குச் சூட்டிவிடுவார்.

என் கதைக்குத் திரும்புகிறேன். இவ்வூரில் எனக்கு இசுலாமிய நண்பர் ஒருவர் உள்ளார். என்னைப்போல் ஆசிரியராய் இருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் தேநீர்க் கடையில் என் மடமையைச் சொல்லி வருந்தினேன். அவர் சிரித்துவிட்டு, "புலவரே, எங்கள் வீட்டுப் பெரியவரும் அங்கே கடை வைத்திருந்தவர்தாம். பழைய கணக்குகள் மச்சில் கிடக்கின்றன. வந்து பாருங்கள். எடைக்குப் போடலாமென்று பிள்ளைகள் சொல்கிறார்கள்" என்றார். மறுநாளே சென்றேன். சிட்டை, நாள்வழி, பேரேடு என்று மூன்று மூட்டை! கடையின் பெயரில் ஒளி என்னும் பொருள்தரும் அரபுச்சொல் இருந்தது. என் நெஞ்சு அடித்துக்கொண்டது. பேரேட்டைப் புரட்டினோம். ஆள்வாரியாகப் பற்றும் வரவும் எழுதிய பக்கங்களுள் ஒன்றன் தலைப்பில், யான் இருபது அகவையில் தமிழாக்கி அழித்த அந்த வடமொழிப் பெயரும் எங்கள் ஊர்ப்பெயரும் சேர்ந்து நின்றன.

சம்பளம் வரவு; துணி பற்று; மருந்து பற்று; உண்டியல் வழி ஊருக்கு அனுப்பியது பற்று. யாருக்கு? 'மேற்படியார் பெண்சாதி' என்று எழுதி, அடுத்து ஒரு பெண்ணின் பெயர். மணமாகாத இளைஞர் என்று எங்கள் வீட்டார் மூன்று தலைமுறையாகச் சொன்னவருக்கு மனைவி! ஆண்டு? பக்கத்தின் மேலே 1359.

இவ்விடத்தில் கணக்கிற்குச் சற்று நேரம் தாருங்கள். தஞ்சை மண்ணில் நிலத்தாள் படித்துப் பழகியவனுக்கு 1359 என்றால் பசலி ஆண்டே கண்முன் வரும். பசலியோடு 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு, சூலையில் தொடங்கும். ஆகவே 1949 சூலை முதல் 1950 சூன் வரை. அவ்வாண்டைக் கண்டதும் எனக்குத் தலைசுற்றியது. ஏன்? எங்கள் நிலத்தைப் பற்றிய ஓர் ஆவணத்தின் படியைப் பதிவலுவலகத்தில் முன்பே வாங்கியிருந்தேன். அதன் நாள் 'விரோதி வருஷம் தை மாதம்'. அறுபதாண்டுச் சுழலில் விரோதி 1889-இலும் வரும், 1949-இலும் வரும், 2009-இலும் வரும். ஆவணத்தின் பதிவெண் கொண்டு அது 1950 சனவரி என்று உறுதி செய்திருந்தேன். அதில் என் பாட்டனாரும் அவர் தம்பியும், 'எங்கள் தமையனார் மணமில்லாமலே கப்பற் பயணத்தில் இறந்துவிட்டபடியால்' என்று எழுதி, அவருடைய பங்கு நிலத்தைத் தம்முள் பிரித்துக்கொண்டிருந்தனர். தமையனார் இறந்துவிட்டதாக எழுதிய அதே ஆண்டில் அவர் மனைவிக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தாரா? உயிரோடிருந்தவரையா இறந்தவர் என்று எழுதினார்கள்?

அன்றிரவு யான் உறங்கவில்லை. விடிந்ததும் நண்பரிடம் சொன்னேன். அவர் பேரேட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, "இது பசலி இல்லை புலவரே. எங்கள் பெரியவர் பசலியில் எழுதமாட்டார். இது ஹிஜ்ரி. பாருங்கள், இந்தப் பக்கத்தில் ரமலான் என்று மாதம் இருக்கிறது" என்றார். ஹிஜ்ரி 1359 என்பது 1940 பிப்பிரவரி முதல் 1941 சனவரி வரை. அது நிலவாண்டு; கதிரவன் ஆண்டினும் பத்து பதினொரு நாள் குறைவு. ஆதலால் நிலையான எண்ணைக் கூட்டிக் கழித்துப் பெறமுடியாது. அட்டவணை பார்த்தே அறியவேண்டும். ஒரே எண், இரண்டு கணக்கு, ஏறத்தாழப் பத்தாண்டு இடைவெளி! பழைய ஆவணம் படிப்போர் திருவள்ளுவராண்டை மட்டும் அறிந்தால் போதாது. 31 கூட்டும் அவ்வெளிய கணக்கை நாம் வழங்குவோம். ஆனால் பசலியும் ஹிஜ்ரியும், நாம் ஒவ்வாமையோடு நோக்கும் அறுபதாண்டுச் சுழலும் கைவிரலில் இருக்கவேண்டும்.

அடுத்த பேரேட்டிலும் 1941 இறுதிவரை அவர் பக்கம் உண்டு. 1942 பிப்பிரவரி 15-இல் சிங்கப்பூர் சப்பானியரிடம் வீழ்ந்தது. அதற்குப்பின் கணக்கே இல்லை. போர் முடிந்து 1946-இல் கடை மீண்டும் திறந்த புதிய பேரேட்டில் அவர் பெயர் இல்லை. பெட்டி மட்டும் ஊர் திரும்பிய கடைக்காரரோடு வந்திருக்கிறது. சயாம்–பர்மா தொடர்வண்டிப் பாதைக்கு, 415 கிலோமீட்டர்க்கு, எத்தனை தமிழர் இழுத்துச் செல்லப்பட்டனர் என்பதை நீங்கள் அறிவீர்கள். அங்கே போர்க் கைதிகளாய் மாண்ட வெள்ளையருக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாய், ஏறத்தாழ ஏழாயிரம் உள்ளன. அதே பாதையில் மாண்ட தமிழ்த் தொழிலாளர்க்கு அவ்வாறு ஆள்வாரிக் கல்லறை வரிசை இல்லை. அக்காலத்துக் காணாமற்போனவரைத் தேடுவார்க்குக் கடைப் பேரேட்டைப்போல் இன்னொரு சான்று அரிது. உங்கள் ஊர் மச்சுகளில் கிடக்கும் கணக்கேடுகள் உங்கள் குடும்பத்துக்கு மட்டும் உரியன அல்ல. உங்கள் கடையில் பணிசெய்த எத்தனையோ ஊரார் பெயர் அவற்றுள் இருக்கிறது. அவற்றை எடைக்குப் போடாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன்.

ஆக, என் பாட்டனார் உயிரோடிருந்தவரை இறந்தவராக எழுதவில்லை. அந்தப் பழி நீங்கிற்று. ஆனால் 'மணமில்லாமலே' என்று எழுதினாரே, அது? 1937-ஆம் ஆண்டுச் சட்டம் இந்துக் கைம்பெண்ணுக்குக் கணவன் சொத்தில் பங்குரிமை தந்தது. அதனை விளைநிலத்துக்கும் விரித்துச் சென்னை மாநிலம் 1947-இல் சட்டம் செய்தது. மூன்றாண்டு கழித்து எழுந்த எங்கள் ஆவணத்தில் மனைவி மறைந்துபோனாள். 'கப்பற் பயணத்தில்' என்னும் சொல்லும் அதற்காகவே இடப்பட்டிருக்கும் என்று கருதுகிறேன். பத்தாண்டு அங்கே வாழ்ந்து பணம் அனுப்பினார் என்றால், 'யாருக்கு' என்னும் வினா எழுமே! குடிவழி தேடப் புகுவோர் பெருமையை மட்டும் எதிர்பார்த்துப் புகவேண்டா. என் பாட்டனார் என்னைத் தோளில் சுமந்தவர். எனக்கு முதன்முதல் எழுத்தறிவித்தவர். அவர் கையொப்பம் அந்த ஆவணத்தின் அடியில் அழகாக இருக்கிறது.

பெண்களின் பெயரைத் தேடுவதே இத்துறையில் கடினம். 1951–52 முதற் பொதுத்தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் எடுத்தபோது, 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் தாய்' என்று மட்டும் சொல்லித் தம் பெயர் சொல்ல மறுத்த பெண்கள் ஏறத்தாழ 28 இலக்கம் பேர் பட்டியலினின்று நீக்கப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலார் வடபுலத்தார். நம் பக்கத்தில் பெண்பெயர் கிட்டும் இடங்கள் சில உண்டு. கைம்பெண் எழுதிக்கொடுத்த விடுதலை ஆவணம் ஒன்று. பள்ளிவாசல் திருமணப் பதிவேடு இன்னொன்று; மணமகள் பெயரும் அவள் தந்தை பெயரும் மணக்கொடையும் சான்றினர் பெயரும் அதில் இருக்கும். தமிழெழுத்து அறியாத பாட்டிமார் அரபெழுத்தில் தமிழை எழுதிய மடல்கள் மற்றொன்று. அம்மடல்களைத் தமிழன்று என்று ஒதுக்குவார் உளர். எழுத்துத்தானே அரபு? ஒலித்துப் பாருங்கள், உங்கள் பாட்டியின் தமிழ் அது.

நிலமில்லாதார்க்கு நிலத்தாள் ஏது என்பீர்கள். உண்டு. 1969-இல் வந்த குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தின்படி எழுந்த பதிவேட்டில் பயிரிட்ட குடியானவர் பெயர் உள்ளது. 1971-ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டத்தால் மனை பெற்ற உழவுத் தொழிலாளர் பெயர்களும் தாளில் உள்ளன. காவிரிப் படுகையில் பலர்க்குத் தம் பாட்டன் பெயர் அரசுத் தாளில் ஏறியது அவ்விரண்டில்தான். இல்லையேல் காவல்நிலையத் தாளிலும் சாவுச் செய்தியிலும் தேடவேண்டிய கொடுமை. 1968 திசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் குடிசையில் எரியுண்டனர். அவர்களுள் எத்தனை பேர் பெயர் அதற்குமுன் அச்சேறியிருக்கும்?

பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டைப்பற்றி ஆசிரியனாகிய யான் சொல்லாமல் விடலாகாது. மிக நல்ல சான்று. பிறந்தநாளை மட்டும் நம்பாதீர்கள். பழைய பதிவேட்டைப் புரட்டினால் பாதி ஊரும் சூன் திங்களில் பிறந்ததுபோல் தோன்றும். பள்ளி திறக்கும் நாளில் ஐந்து அகவை நிரம்பவேண்டுமே என்று தலைமையாசிரியர் கணக்குப் பார்த்து இட்ட நாள் அது. என் பிறந்தநாளும் அவ்வகையினதே. 1980-இல் பரம்பரைக் கர்ணம் பதவி ஒழிந்தது நல்லதே. ஆனால் அவர்கள் வீட்டிலிருந்த பழங்கணக்குக் கட்டுகளுள் கைம்மாறாமல் போனவை எத்தனையோ! அக்குடும்பத்தாரிடமும் கேட்டுப் பாருங்கள்.

என் தந்தையாரின் தமக்கை, என் அத்தை, தொண்ணூறு கடந்தவர். கண் மங்கல், நினைவு தெளிவு. பேரேட்டுப் பக்கத்தின் நிழற்படியை எடுத்துக்கொண்டு அவரிடம் சென்றேன். இம்முறை எதையும் மாற்றவில்லை. கணக்குப்பிள்ளை எழுதிய பிழையோடு, விட்ட புள்ளியோடு, அப்படியே படித்தேன். அப்பெண்ணின் பெயரைச் சொன்னதும் அத்தை நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பெயரை உனக்கு யாரடா சொன்னது? எனக்குத் தலைவாரிப் பின்னிவிடுவார்களே" என்றார். சண்டை ஒன்றும் இல்லையாம். ஒருநாள் விடியலில் மாட்டுவண்டி வந்ததாம், ஏற்றி அனுப்பிவிட்டார்களாம். அதன்பின் வீட்டில் அப்பெயரை எவரும் எடுக்கக்கூடாதென்று பாட்டனார் சொல்லிவிட்டாராம்.

அப்பெயரை இந்த அவையில் சொல்லமாட்டேன். அவர் பிறந்த வீட்டாரின் வழியினர் இன்றும் உள்ளனர். அவர்களைக் கேளாமல் சொல்லுதல் முறையன்று. எங்கள் குடிவழிப் பட்டியலில் பெரிய பாட்டனார் பெயருக்குப் பக்கத்தில் அதனைப் பேரேட்டில் உள்ள எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். அந்நிலத்தில் என் பங்காக இன்று இருப்பது சில மா. அதுபற்றி உடன்பிறந்தாரிடம் பேசினேன். ஒருவர் இசைந்தார், ஒருவர் இன்னும் என்னோடு பேசவில்லை. வரும் ஞாயிறன்று, பேரேட்டின் படியும் 1950-ஆம் ஆண்டு ஆவணத்தின் படியும் எடுத்துக்கொண்டு, நண்பரும் யானும் அவ்வம்மையார் பிறந்த ஊருக்குப் புறப்படுகிறோம். அத்தையும் வருவேன் என்கிறார்.